கடை வாசலில் ஒரு தேயிலைச் செடி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறி வந்தால் என் முதுகு வைத்தியக் கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டயகம பக்கத்துத் தோட்டமொன்றில் உர மூட்டை சுமந்தவன். இன்று என்னிடம் ஆறு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். நுவரெலியா ஹோட்டல்காரர்கள் காரில் வந்து வரிசையில் உட்காருகிறார்கள். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். வேறு யார் சொல்வது? மூட்டையைச் சுமந்தது நான்தானே.

கடை வாசலில் சிமெந்துத் தொட்டியில் ஒரு தேயிலைச் செடி வைத்திருக்கிறேன். பக்கத்துத் துணிக்கடைக்கார முஸ்லிம் நானா தினமும் கேலி பண்ணுவார். "என்ன மொதலாளி, இன்னைக்கு எத்தன கிலோ பறிச்சீங்க?"

அழகுக்கு வைத்த செடி இல்லை அது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கூடைக் கயிறு வருடக்கணக்காக உச்சந்தலையில்தான் தொங்குகிறது. பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். கழுத்து வலி என்று வந்தால் முதலில் செடிக்கு முன்னால் நிறுத்துவேன். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கொழுந்து எடுக்கச் சொல்வேன். பழகிய விரல்களுக்குக் கண் தேவையில்லை; இரண்டு இலையையும் மொட்டையும் தானே கண்டுபிடிக்கும். ஒரு கை பின்தங்கினாலோ, முற்றிய இலையைப் பிடித்தாலோ, கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்; அந்தக் கழுத்தை நாங்கள் தொட மாட்டோம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்.

இந்தச் சட்டம் எனக்குச் சும்மா வரவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் லிந்துலைப் பக்கத்து அம்மா ஒருவரின் கழுத்தைப் பட்டென்று திருப்பிவிட்டேன். வலி போய்விட்டது என்று எழுந்தார். என்னைக் கும்பிடப் போனார். வலது கை மேலே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அடுத்த வாரம்தான் இந்தத் தொட்டியை வாங்கினேன்.

வருகிறவர்களுக்கு எப்படிச் செய்வது என்று நானே கண்ணை மூடிப் பறித்துக் காட்டுவது வழக்கம். போன மழைக்காலத்தோடு அதை நிறுத்திவிட்டேன். என் இடது கையில் இரண்டு விரல் மரத்துப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியனுக்கே கழுத்தில் கோளாறு என்றால் படிக்கட்டு ஏறி யார் வருவார்கள்?

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆள் தேடி நான்தான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாக அலைந்தேன். அடுத்தவன் முதுகை எண்ணெய் போட்டுப் பிடிப்பதா என்று முகம் சுளிப்பார்கள். இப்போது ஆள் கேட்டு என்னிடம் வருகிறார்கள். எல்லாம் போனில் வரும் வீடியோ செய்த வேலை. கழுத்தைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். பார்க்கிறவனுக்கு அது வேண்டும். நுவரெலியா ஹோட்டலுக்கும் மாலைதீவுக்கும் டுபாய்க்கும் ஆள் பிடிக்கிற ஏஜென்சிக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோவார். இதற்கென்றே வருடக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். அவர்களை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டேன்.

"படிச்சவங்க நெறைய கேள்வி கேப்பாங்க மொதலாளி. சம்பளமும் கூட. ஹோட்டல்காரனுக்குச் சத்தம் வந்தா போதும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடையிலேயே ஆள் தேர்வு வைத்தார். ஒரு வேலை, என் ஆட்களில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பதினைந்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு என்னிடம் வந்த பெண். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். என் கடையில் எனக்கு அடுத்த கை அவருடையதுதான். மற்றவர் ஆறு வாரக் கோர்ஸ் முடித்துச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிற ஆள். வந்து மூன்று மாதம்.

"யாரோட கழுத்துல காட்டப் போறீங்க?" என்று ஏஜென்சிக்காரர் கேட்டார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "என் கழுத்துல காட்டட்டும். உர மூட்டையே முறிக்காத கழுத்து."

முதல் முறை அந்தப் பெண்ணுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் கழுத்தைத் தொடவில்லை.

"மொதலாளி, மொதல்ல செடிகிட்ட வாங்க."

"எனக்கா? அந்தச் செடிய வச்சவனே நான்தான் புள்ள."

"யாரா இருந்தாலும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

ஏஜென்சிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னக்கா, மொதலாளிக்கே நாள் சம்பளப் பேரு போட்டுக் கொழுந்து பறிக்க அனுப்புறீங்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து என் காதோடு சொன்னார். "ரெண்டு மாசமா வெள்ளைக் கோட்டுப் பொத்தான ஒத்தக் கையால போடுறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். இப்படி வேணாம்." விலகிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சான்றிதழ்க்காரர் முன்னால் வந்தார். "நான் காட்டவா சேர்?"

ஏஜென்சிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். டக். "இதுதான் வேணும்! மத்தப் பக்கமும்." டக். தோளிலிருந்து விரல் நுனிவரை பச்சைத் தண்ணீர் இறங்கின மாதிரி இருந்தது. போனைப் பார்த்துச் சிரித்தேன். வேலை சான்றிதழ்க்காரருக்குத்தான் என்று ஏஜென்சிக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். செடிக்கு முன்னால் நின்று கண்ணை மூடினேன். வலது கையில் இரண்டு இலையும் மொட்டும் வந்தது. இடது கையிலும் ஏதோ இருப்பதாகத்தான் நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அந்தக் கை செடியைத் தொடவே இல்லை.

சாவியோடு அந்தப் பெண் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "டிக்கோயா பஸ்ஸு இப்ப வரும் மொதலாளி" என்று மட்டும் சொன்னார்.

போனேன். அங்கிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கண்டியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்; அந்த நாள் இன்னும் வரவில்லை. இப்போது முழங்கை வரை மரத்துவிட்டது.

அதற்குள் என் கழுத்து ஊர் ஊராகப் போய்விட்டது. அந்த வீடியோவைப் போட்டுத்தான் ஏஜென்சிக்காரர் ஆள் எடுக்கிறாராம். வாரத்துக்கு நாலைந்து பேர் சான்றிதழோடு என்னிடம் வேலை பழக வருகிறார்கள். "அந்தக் கழுத்து ஒங்களோடதுங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, மறைப்பானேன்.

போன வாரம் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். கயிறு அழுத்தின பள்ளம் உச்சியில் தெரிந்தது.

"அந்தச் சத்தம் வர்ற மாதிரி பண்ணுங்க மொதலாளி."

"மொதல்ல செடிகிட்ட வாங்கம்மா."

"வீடியோல ஒங்களுக்கு யாரும் செடி காட்டலையே? சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

என்ன சொல்லப்போகிறேன் என்று என் கடைப் பெண் எண்ணெய்க் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டுப் பைக்குள் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கி எடுத்து, அந்த அம்மாவின் முன்னால் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். மெதுவாகத் தன் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார்.

படிக்கட்டில் அடுத்த ஆட்கள் பேசிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர்கள் கையில் இருந்த போனிலிருந்து அதே 'டக்' வந்தது.