ஒற்றைக் கைக்கு ஒரு வால்வு ரேடியோ

லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த மூன்றாம் மாதம், அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக அவருடைய அக்கா என்னை வேலைக்கு வைத்தார். அக்காவும் தம்பியும் மட்டும் இருக்கும் வீடு. அக்கா என் வயதுக்காரர். தம்பி எங்களைவிட ஆறு வயது இளையவர்.

மனிதர் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயந்து கதவைத் தட்டுவார்கள். இவர் மேல்மாடியிலிருந்து குரல் கொடுப்பாராம்: "ஒண்ணும் பயமில்ல. விழறதா இருந்தா இந்நேரம் விழுந்திருக்கும்." அது ஆறுதல் என்று இன்றும் நம்புகிறார்.

விடுமுறை நாட்களில் கிட்டார் வாசிப்பார். கம்பெனி டிரைவர் பாட, பெயிண்டர் டிரம் தட்ட, யாராவது ஓய்வு பெற்றால் இவர்கள் கச்சேரி இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். எல்லாம் பக்கவாதம் வரும்வரை. அதன் பிறகு பேச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. கிண்டல் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. கால் பாதிதான் திரும்பியது. கை திரும்பவே இல்லை. விரல் பயிற்சிக்கு நான் கொடுத்த ரப்பர் பந்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, "உருண்டு போயிடுச்சு சிஸ்டர்" என்பார்.

கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது டிரைவரும் பெயிண்டரும் வந்தார்கள். கையில் ஒரு கிலுகிலுப்பை.

"நீங்க இல்லாம எப்படிண்ணே? சும்மா எங்க பக்கத்துல உக்காந்து இத ஆட்டினா போதும்" என்றார் டிரைவர்.

இவர் சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"பல் முளைக்கிற குழந்தைக்குக் குடுக்கிறத எனக்குக் குடுத்துட்டுப் போறானுங்கக்கா."

"வாய்க்குள்ள வெச்சுக்காத, அவ்வளவுதான்" என்றார் அக்கா. ஆனால் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நான் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியில், மடியில் கிட்டார். இடது கை விரல்கள் மட்டும் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தன. பொழுதுபோகாமல் செய்கிறார் என்று நினைத்தேன். குனிந்து மரத்தில் காதை வைத்தபோது உள்ளே ஒரு முழுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"விரலால ஓங்கித் தட்டினா ஒரு சுரம், சுண்டி எடுத்தா இன்னொண்ணு. வலது கையே வேணாம். ஆனா இப்படிக் காத வெச்சாத்தான் கேக்கும். விழாவுல முந்நூறு பேரும் வரிசைல வந்து காது வெப்பாங்களா?"

"ஆம்ப்ளிஃபயர் கடையில கிடைக்குமே?"

"கடைல வாங்கிட்டா ஆறு வாரம் நான் என்ன பண்றது? பந்த அமுக்கவா?"

அவர் கண் கூடத்து அலமாரிக்குப் போயிற்று. அங்கே அக்காவின் வால்வு ரேடியோ இருந்தது. மரப்பெட்டி, முன்னால் துணி, திருகுவதற்குப் பெரிய குமிழ்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறப் பொறுத்திருந்தால்தான் பேசும். தினமும் ஒரு மணிக்கு அக்கா அதில் தொடர்கதை கேட்பார்.

"கழட்டிக்கோ" என்றார் அதைக் கவனித்த அக்கா. "ஆனா ஒரு மணிக்குக் கதை வரணும். வரலேன்னா ரேடியோ இருந்த இடத்துல உன்னத் தூக்கி வெச்சு நீயே கதை சொல்லுன்னுடுவேன்."

"கிட்டார் சத்தத்த அதுலயே பெருசாக்கிக்கறேன். ஒரு சுவிட்ச் போட்டுடறேன். இந்தப் பக்கம் கிட்டார், அந்தப் பக்கம் கதை."

மின்சாரம் என்றால் நான் கேள்வி கேட்காமல் விடமாட்டேன். கம்பியைத் தொட்டு வாசிப்பவர், கையில் உணர்ச்சி குறைவு. கேட்டதும் உள்ளே இருந்த கனமான டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். அது இல்லாத ரகமாக இருந்தால் உள்ளிருக்கும் தகட்டிலேயே மின்சாரம் ஓடும், கிட்டார் கம்பிவரை வந்துவிடும், அப்படிப்பட்டதைத் தொடவே மாட்டேன் என்றார். போதாதென்று எர்த் கம்பியுடன் மூன்று முனை பிளக்கும் மாட்டினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்குமாம். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்.

"எங்க தொழில்ல முதல் பாடம் என்ன தெரியுமா சிஸ்டர்? கரண்ட் இருக்கிற இடத்துல ஒரு கைய சட்டைப் பையில விட்டுக்கணும். ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் போயிடும். முப்பத்தெட்டு வருஷம் அத ஞாபகம் வெச்சுக்கப் பாடுபட்டேன். இப்போ தானாவே பையில கெடக்குது."

"வேலை நேரத்துல பையில கெடக்கலாம். மத்த நேரம் மேசை மேல" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கி வைத்துச் செய்யும் வேலைக்கெல்லாம் அந்த வலது கையை இழுத்தேன். முதல் வாரம் அது வெறும் பேப்பர் வெயிட். வயர்மேல் எடுத்து வைப்பார், வயர் நகராது. அக்கா துணிக் கிளிப்புகளைக் கொடுத்தார், அவை இன்னும் நாலு விரலாக நின்றன. ஈயக் கம்பியை நான் இடுக்கியால் பிடிக்க, அவர் இடது கையில் சூட்டுக்கோலைப் பிடித்துப் பற்ற வைத்தார்.

"கொஞ்சம் கீழே. இன்னும். சிஸ்டர், ஊசி போடற மாதிரி குத்தாதீங்க."

"நீங்க நடுங்காம பிடிங்க, நான் குத்தாம பிடிக்கிறேன்."

ரேடியோவின் பின்பக்கம் ரெக்கார்டு பிளேயர் மாட்டுவதற்கு இரண்டு துளை உண்டு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு காந்தப் பிக்கப்பைக் கிட்டாரில் பொருத்தி, அதிலிருந்து வந்த வயரை அந்தத் துளைகளில் செருகிப் பார்த்தோம். பக்கத்து அறையில் கொசு பாடுவதுபோல வந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. கிட்டாரிலிருந்து வருவது மிகச் சின்னக் குரல், அதைப் பெரிதாக்க இன்னொரு வால்வு வேண்டும் என்றார். இரண்டு நாள் தன் தகர டப்பாக்களைக் கொட்டித் தேடி, எதிலிருந்தோ எப்போதோ கழற்றி வைத்த ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை மாட்டியதும் சத்தம் வந்தது, கூடவே லாரி நிற்பதுபோல ஓர் உறுமலும் வந்தது. வயரை மாற்றி, மேலே வலை பின்னிய வயரைப் போட்ட பிறகுதான் லாரி கிளம்பிப் போயிற்று.

நான்காம் வாரம் அவருடைய வலது கட்டைவிரல் ஒரு வயரைத் தானாக அழுத்திப் பிடித்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்துக் குறித்துக்கொண்டேன். கிட்டார் மீட்டுமளவுக்கு அந்தக் கை வராது. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்காக நண்பர்கள் வந்தார்கள். கிலுகிலுப்பை மேசைமேல் தயாராக இருந்தது. இவர் கிட்டாரை மடியில் வைத்து, வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு அலமாரிப் பக்கம் உட்கார்ந்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிரைவர் பாட ஆரம்பித்தார். இரண்டாம் அடியில் ரேடியோவிலிருந்து கிட்டார் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் தெளிவாக. டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"அக்கா, ரேடியோவ அணைங்க. நம்ம பாட்டையே போடறான்."

"அது நான்டா" என்றார் இவர்.

பெயிண்டர் எழுந்து வந்து ரேடியோவைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், மறுபடியும் ரேடியோவைப் பார்த்தார். "இன்னொருக்கா வாசிங்கண்ணே." வாசித்தார். மூன்றாம் முறை டிரைவருக்கு அடி மறந்துபோயிற்று. கிட்டார் நிற்காமல் போய் அவரைக் கூட்டி வந்தது.

"அண்ணே, அந்தக் கிலுகிலுப்பைய நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும்டா. அழகா இருக்கு."

நான்காம் பாட்டின் நடுவில் அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மணி ஒன்று. யாரையும் கேட்காமல் சுவிட்சைத் திருப்பினார். தொடர்கதை பேச ஆரம்பித்தது. மூன்று கலைஞர்களும் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் பெயிண்டர், "அந்தப் பொண்ணு கடைசில வீட்ட வித்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அக்கா முந்தைய இருபது நாள் கதையையும் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் திருப்பினார்.

விழாவுக்கு நானும் போனேன். மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லாததால் நாலு படியிலும் லிஃப்ட்காரரைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. "லிஃப்ட் கம்பெனி விழா, ஏத்திவிட ரெண்டு பேர்" என்றார். கிட்டார் பின்வரிசைவரை கேட்டது, நான் போய் நின்று பார்த்தேன். "என் ரேடியோ போற இடத்துக்கு நான் வராம யார் வருவா" என்று அக்காவும் மேடை ஏறியிருந்தார். கிலுகிலுப்பையை ஆட்டியவர் அவர்தான். தாளம் ஒரு பாட்டுக்கும் சேரவில்லை. அதைச் சொல்லும் தைரியம் அந்த மேடையில் யாருக்கும் இல்லை.