அமைதியான தீவும் வீட்டு டெலிபோனும்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த வீடு ஒன்றும் அரண்மனை அல்ல. குளியலறைச் சுவரில் பூஞ்சணம். மேல்வீட்டுக்காரன் நடந்தால் எங்கள் தலைக்கு மேல் இடி. என் கணவர் மூன்று தடவை வேறு வீடு பார்த்து வந்தார், குட்மேய்ஸில் ஒன்று, சட்டனில் இரண்டு. மூன்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். டெலிபோன் நம்பர் மாறுமென்றால் நான் வரமாட்டேன்.

அந்த நம்பர் என் தம்பியிடம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்த கையோடு அதை எழுதி அவனுக்கு அனுப்பினேன். 'இந்தியா போய்ச் சேர்ந்தவுடன உங்களுக்குத்தான் முதல்ல டெலிபோன் எடுப்பன் அக்கா' என்று பதில் போட்டான். மாசி மாதத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணக் கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகேறினான். அந்தப் படகில் போன ஒருவரும் அக்கரையில் இறங்கவில்லை. இக்கரையில் ஒரு உடலும் ஒதுங்கவில்லை.

உடல் இல்லாததால் சடங்கும் இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மாவும் நானும் அவனைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். அம்மா அவனுக்காகக் காத்திருக்கிறா, அந்த நம்பிக்கையை உடைக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பத்து வருடம் அந்த டெலிபோன் எங்கள் வீட்டில் இரண்டாவது மணிக்கு மேல் அடித்ததில்லை. டெலிபோன் தனியே கிடக்கக்கூடாது என்றே கணவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட், எனக்கு முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட். கல்யாண வீடுகளுக்குக்கூட முறைவைத்துத்தான் போனோம். "உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க ஏலாதோ?" என்று சனம் நக்கலடித்தது.

அம்மா கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையிலிருந்து டெலிபோன் எடுப்பா. மாசியில் மட்டும் கிழமை நாளொன்றிலும் எடுத்து, "இண்டைக்கு என்ன சமையல் பிள்ளை?" என்று கேட்பா. மீன் என்றால், "வேண்டாம், மரக்கறி சமையன். கோயில்ல விசேஷம்" என்பா. நான் முணுமுணுத்துக்கொண்டு மீனைத் திரும்பப் பிரிட்ஜில் வைப்பேன். வயதுபோனால் இப்படித்தான் என்று சிரித்தும் இருக்கிறேன்.

கல்யாணமாகிப் பதினோராவது குளிர்காலத்தில் கணவர் ஒரு கட்டுப் பயணப் புத்தகங்களோடு வந்து நின்றார். எல்லாம் கரீபியன் தீவுகள். ஒவ்வொரு பக்கத்திலும் அரைகுறை உடுப்போடு ஒரு சோடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"உங்கட வயித்தோட இந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கப்போறியளோ?" என்றேன்.

"பகிடியை விடும். ஒரு கிழமை. அமைதியாவும் பாதுகாப்பாவும் இருக்கோணும். வேறொண்டும் வேண்டாம்."

அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தேன். பத்து வருடம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அந்தப் பூஞ்சணச் சுவரோடு இருந்தவர். சரி என்றேன்.

வெள்ளைக்காரர் காலைச் சாப்பாட்டைக் கேட்டுத் தீவைத் தெரிவுசெய்வார்கள். இவர் சிவப்புப் பேனையோடு குந்தினார். ஒரு தீவில் முன்பு அமெரிக்க இராணுவம் இறங்கியதை டிவியில் பார்த்த நினைவு. "ஆமி வழி பழகின இடம், வேண்டாம்." இன்னொன்றில் மலை புகைகிறதாம், வெட்டு. அடுத்ததில் ஹோட்டலுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் ஒரேயொரு பாலம். "பாலத்தை மூடினால் எப்பிடி வெளிக்கிடுறது?" அதுவும் வெட்டு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை கடைத்தெருவிலிருந்த பயணக் கடைக்குப் போனோம். டெலிபோன் தனியே கிடக்கிறது, அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. கடையில் இருந்த பெண் அந்தத் தீவுகளில் ஒன்றில் பிறந்தவள். மணல், தென்னை, குளம்போலத் தண்ணீர் என்று அவள் சொல்லிக்கொண்டு போக, நான் என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். அங்கே கடலில் ஒரு ஆள் காணாமல் போனால் பிறகு கரைக்கு வருமா?

அவள் பேனையைக் கீழே வைத்தாள். கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஊரில் கிழக்குப் பக்கம் ஒரு சின்னக் குடா இருக்கிறது என்றாள். நீரோட்டம் எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுவரும். துடுப்பு, வலை மிதவை, மனிதர்களும்தான். அவளுடைய மாமன் நாலு நாளில் வந்து சேர்ந்தாராம்.

"இந்தத் தீவுக்கே போவம்" என்றேன்.

டெலிபோனுக்கு என்ன செய்வது? கணவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். ஆள் இல்லாதபோது பதில் சொல்லும் மிசின் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினார். இங்கிலீஷில் அவர் பதிந்ததை நான் அழித்துவிட்டுத் தமிழில் பதிந்தேன். கடைசியில் தம்பிக்கென்று ஒரு வரி. அதைச் சொல்லும்போது கணவரை வெளியே போகச் சொன்னேன்.

ஊருக்கோ உறவுக்கோ நாங்கள் மூச்சுவிடவில்லை. அங்கே சனம் பதுங்கு குழிக்குள் இருக்க, இவையள் கடற்கரைக்குப் போகினம் என்று சொல்லமாட்டார்களா? அம்மாவுக்கும் சொல்லவில்லை. அடுத்த முதல் ஞாயிறுக்குள் திரும்பிவிடுவோம்தானே. மாசி மாதத்துச் சமையல் விசாரணை என் நினைவிலேயே இல்லை.

தீவு அமைதியாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் கிழக்குக் குடாவுக்கு நடந்தேன். எந்தக் கடலில் போனவனை எந்தக் கடலில் தேடுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டுதான் நடந்தேன். தேங்காய்ப் பொச்சுமட்டை, அறுந்த கயிறு, ஒற்றைச் செருப்பு. செருப்பைக் குனிந்து எடுத்து அளவு பார்த்தேன். பின்னால் துவாயோடு நின்ற கணவர், "வாரும், போவம்" என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பியபோது மிசினில் சிவப்பு விளக்கு மினுங்கியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுத்தினேன். முதலாவது, என் ஷிப்ட் மாற்றம். இரண்டாவது அம்மா. மிசின் சொன்ன கிழமைப்படி, நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் எடுத்திருக்கிறா.

"பிள்ளை... நீ தம்பியையோ கூப்பிடுறாய்? இண்டைக்கு அவன்ர திவசமம்மா. மரக்கறி சமைக்கச் சொல்லத்தான் எடுத்தன். உன்ர பெரியப்பாவைக் கொண்டு ஏழு வருசமாச் செய்விக்கிறன். நீ அவன் வருவான் எண்டு இருக்கிறாய், அதாலதான் சொல்லேல்லை. அவன் எடுக்கமாட்டான் பிள்ளை."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஏழு வருடம்! பிறகுதான் உறைத்தது, நானும் அவவுக்கு அதையேதான் செய்திருக்கிறேன். வருடா வருடம் தெரியாமலே அவனுக்காக விரதம் இருந்திருக்கிறேன். இந்த வருடம் அதே நாள், அந்தக் குடாவுக்குப் பக்கத்தில் இருந்து சுட்ட மீன் சாப்பிட்டேன். முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிட்டேன்.

செய்தி முடியவில்லை. "அவனைத் தம்பி எண்டு ஆரும் வாய்விட்டுக் கூப்பிட்டு எவ்வளவு காலம். ஞாயிற்றுக்கிழமை எடுப்பன். நீ ரிசீவரைத் தூக்காதை. அந்த மிசினைப் பேச விடு. எனக்கு இன்னொருக்காக் கேக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. இரண்டாவது மணிக்கு என் கை தன்பாட்டில் போனது. கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மணி. நான்காவது. பிறகு வீட்டுக்குள் என் குரல் கேட்டது.

"தம்பி, நீ எண்டால் வைக்காதை. அக்கா இஞ்சதான் இருக்கிறன்."