விதியில் இடமில்லை

பணியில் இருந்த காலத்தில் நான் உட்காராத தேர்வுக் குழு இல்லை. ஓட்டுநர் தேர்வு, தட்டச்சர் தேர்வு, ஒருமுறை அமைச்சர் அறைக்கு நாற்காலித் தேர்வு. எல்லாவற்றுக்கும் நடைமுறை உண்டு. போட்டியிடுபவரின் உறவினர் குழுவில் இருக்கக் கூடாது என்பது அதில் பாலபாடம். ஆனால் என் வாழ்க்கையைத் தீர்மானித்த தேர்வில் குழு என்று ஒன்று இல்லை. சித்தப்பா ஒருவர்தான் இருந்தார். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பெரியப்பாவின் பெண், என் அக்கா. இன்னொருத்தி நான். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. இடம், மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பின்னால் வெடிப்பு விட்ட ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், வலையில்லாத இரண்டு வளையம்.

அந்தத் தரையில் சித்தப்பா பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து டீம் நடத்திவந்தார். அவர் வங்கியில் குமாஸ்தா. அந்த வேலையே பந்து விளையாடி வாங்கியது என்பதால், வீட்டில் அவர் சொல்லுக்கு அரை மதிப்புத்தான். எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பா ஒன்றைச் சொன்னால் அது முடிந்த விஷயம். என் அப்பா அதற்குத் தலையாட்டுவார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கூடைப்பந்து கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

டீமில் பாயிண்ட் கார்டு என்ற இடம் காலியாகியிருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கிறவள்தான் பாயிண்ட் கார்டு. புள்ளி எடுக்கிற புகழ் மற்றவர்களுக்கு. ஆட்டம் ஓடுவது இவளால். எங்கள் டீமில் அந்த இடம் எப்போதும் காலியானது காயத்தால் அல்ல, கல்யாணத்தால். ஒருத்தி பழகி வரும்போது பத்திரிகை வந்துவிடும். கடைசியாக இருந்தவள் கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வாரம், சித்தப்பா எங்களை வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார்:

“இந்தத் தடவை டெம்பரவரி வேணாம். அஞ்சாறு வருஷம் நிக்கறவளா வேணும். பர்மனென்ட்.”

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. அலுவலகங்கள் அப்போதுதான் பெண்கள் டீம் சேர்க்கத் தொடங்கியிருந்தன. தொடர்ந்து சில வருடம் அந்த இடத்தில் நின்று ஆடியவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சித்தப்பா அதைச் சொல்லும்போது அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். அக்காவுக்குப் பதினெட்டு வயது. எனக்குப் பதினான்கு. வேலை கிடைத்தால் வீட்டில் ஒரு விஷயத்தை ஒத்திப்போடச் சொல்லும் தைரியம் ஒரு பெண்ணுக்கு வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத வயது. எனக்கு வேண்டியது முதல் நம்பர் பனியன்.

சித்தப்பா ஒரு நடைமுறை வைத்தார். ஒரு வாரம், ஒரு நாள் அக்கா டீமை நடத்த வேண்டும், மறுநாள் நான். சனிக்கிழமை இருவரையும் எதிரெதிராக ஆடவிட்டு முடிவு. நியாயமான நடைமுறைதான். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்ற ஒரே குறையைத் தவிர. நான் வேகமாக ஓடுவேன், அவ்வளவுதான். அக்கா ஓடவே மாட்டாள். அவள் இருக்கும் இடத்துக்கு ஆட்டம் வந்துசேரும். ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே பந்தை எனக்கு வீசுவாள். என்னைப் பார்த்தால் பந்து ஸ்டெல்லாவின் கையில் இருக்கும். ஸ்டெல்லா சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண், எங்கள் டீமிலேயே உயரமானவள். “உங்க அக்கா மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவ, கையப் பாத்தா தப்பிச்சுக்குவ” என்பாள்.

ஆட்டம் முடிந்து தெற்கு மாட வீதி வழியாக வீட்டுக்கு நடப்போம். அக்கா பந்தைத் தட்டிக்கொண்டே வருவாள். பஸ், சைக்கிள், கோயிலுக்குப் போகிறவர்கள், சாக்கு விரித்துக் காய் விற்கிறவர்கள், எதன் மேலும் படாமல் பந்து அவளோடு கூடவே வரும். “ஏ பொண்ணு, வெண்டக்கா மேல உட்டுறாதே!” என்று ஒரு கிழவர் தினமும் கத்துவார். அவள் தினமும் அவர் பக்கத்தில் வந்ததும் கை மாற்றித் தட்டுவாள்.

அந்த நடையில்தான் எனக்குப் பாடம் நடக்கும்.

“யாருக்குக் குடுக்கப் போறியோ, அவங்களைப் பாக்காதடி.”

“பாக்காம எப்படிக்கா குடுக்கறது?”

“முன்னாடியே பாத்து வெச்சுக்கணும். குடுக்கும்போது பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வேற யாராச்சும் நடுவுல கைய வெப்பாங்க.”

போட்டியில் இருக்கிறவள் எதிராளிக்கே வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறாளே, இவளுக்கு அவ்வளவாக விவரம் போதாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அக்காவுக்கு அரக்குப் பட்டுப் புடவை. தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் அக்காவின் தலையில் பூ வைத்து, இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை மாட்டினாள். மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை பார்க்கிறார் என்றார்கள். நான் சமையலறை வாசலில் கேசரியோடு நின்றேன். அதில் முந்திரி தாராளம் என்பதே அந்த நிகழ்ச்சியைப் பற்றி எனக்கிருந்த முதன்மையான கருத்து.

அவர்கள் போன பிறகு கூடத்தில் சித்தப்பா ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். நாளைக்கு முடிவு, இவளை விட்டால் ஆளில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் ஆடலாம், ஒரு வருஷம் பொறுங்கள் என்பதுபோல. பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அந்த அவசியம் எப்போதும் இருந்ததில்லை.

“பாரு, நான் ஒண்ணும் கண்டிப்பானவன் இல்ல. ஆனா ரெண்டு பொண்ணுங்களை ரோட்டுல பந்து தட்ட விட்டிருக்கேன்னு பேர் வேணாம். இனிமே இந்த வீட்லேருந்து கிரவுண்டுக்கு ஒருத்தி போனா போதும். யாருன்னு நீயே முடிவு பண்ணிக்க. இன்னொருத்தி வீட்ல இருக்கட்டும்.”

அக்கா பட்டுப் புடவையோடு கூடத்து மூலையில் உட்கார்ந்து, தலையிலிருந்த பூவை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேறொரு வியப்பு. பாயிண்ட் கார்டு ஒருத்திதான் இருக்க முடியும் என்கிற விவரம் பெரியப்பாவுக்குக் கூடத் தெரிந்திருக்கிறதே!

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கோர்ட்டுக்கு வந்தாள், ஆடும் உடையில், ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு. ஆனால் கையில் வளையல்கள் அப்படியே இருந்தன.

ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். “இன்னாடி இது, மஞ்சத்தண்ணி ஊத்தப் போறாப்ல வளையல் மாட்டிக்கினு வந்துகீற?”

சித்தப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார். “கழட்டி வெச்சுட்டு வாம்மா.”

“கழட்டக் கூடாது சித்தப்பா. பூ வெச்சப்ப போட்டது. கல்யாணம் வரைக்கும் கையிலயே இருக்கணும். நம்ம வீட்டுப் பழக்கமாச்சே.”

“நம்ம வீட்டுப் பழக்கமா?” என்றார் சித்தப்பா. அவரும் அதே வீட்டில் பிறந்தவர்.

“ஆமா சித்தப்பா.”

அவர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். ஸ்டெல்லாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. “பழக்கம் கெடக்குது, நீ கொழாயாண்ட வா. சோப்பு போட்டா நழுவிக்கினு வந்துரும். ஆட்டம் முடிஞ்சதும் மாட்டிக்க, எந்த சாமி வந்து பாக்கப் போவுது?”

அக்கா சிரித்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ரூல் என்ன சொல்லுது சித்தப்பா?”

“கண்ணாடி போட்டுக்கிட்டு உள்ள இறங்கக் கூடாது. உடைஞ்சா மத்தவங்களுக்குக் கிழிக்கும்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் ஆடினேன். எதிர்ப்பக்கம் அக்காவுக்குப் பதில் யாரோ ஒருத்தி. நன்றாகத்தான் ஆடினேன் என்று நினைக்கிறேன். ஒரே ஆள் ஓடும் பந்தயத்தில் எல்லோருமே நன்றாக ஓடுவார்கள். ஒரே ஓர் எரிச்சல். நான் பந்தைக் கொண்டுபோகும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து வளையல் சத்தம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தபோது அக்காவின் கைகள் மடியின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தன. எங்கே பந்து போக வேண்டுமோ அந்தப் பக்கம். என்னைக் குழப்புவதற்காகத்தான் வளையலை ஆட்டுகிறாள் என்று நினைத்தேன்.

முடிந்ததும் சித்தப்பா எங்களை வட்டமாக உட்காரவைத்தார். யாரையும் பார்க்காமல், தரையின் வெடிப்பைப் பார்த்துச் சொன்னார்: “பெரியவளுக்கு ரூல்ல இடமில்ல. இனிமே சின்னவதான். பர்மனென்ட்.”

ஸ்டெல்லா எழுந்து அக்காவின் முன்னால் போய் நின்றாள். “கண்ணாடி வளையலுக்காவா உட்டுக்குடுத்த? லூசாடி நீ?”

“புது வளையல்டி” என்றாள் அக்கா. “பாரு, எவ்ளோ நல்லாருக்கு.”

அப்போதும், வீடு வரை நடந்த வழியிலும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவள் நான். வெண்டைக்காய்க் கிழவர் கத்துவதற்குத் தயாரானார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த தையில் அக்கா நெய்வேலிக்குப் போனாள். நான் அந்த இடத்தில் நின்றேன், சித்தப்பா கேட்ட வருடங்களை விட அதிகமாகவே. ஓர் அரசு அலுவலகம் என்னை ஒதுக்கீட்டில் எடுத்துக்கொண்டது. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, துறைத் தேர்வு முடியட்டும் என்று பெரியப்பாவிடமே சொன்னேன். சம்பளம் வாங்குகிறவளின் குரல் அவர் காதில் விழுந்தது. பிறகு எல்லாத் தேர்வும் எழுதி, எல்லா விதியும் படித்து, மேலே போனேன். ‘விதிகளில் இடமில்லை’ என்று எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படி எழுதுகிறவருக்கு மனமில்லை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சொல்ல முடியாத காரணத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு, விதியைப் போல வசதியான இடம் வேறு இல்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பூ வைத்த நாளில், வந்தவர்கள் போனதும் பெரியம்மாவிடம் கேட்டேன், இந்த வளையல்களைக் கல்யாணம் வரை கழட்டக் கூடாதுதானே என்று.

“யார்டி சொன்னது?” என்றாள் பெரியம்மா. “தாராளமா கழட்டி வெய்யி. நம்ம வீட்ல அப்படி ஒரு பழக்கம் எந்தக் காலத்துல இருந்துச்சு?”

அக்கா இப்போது கே.கே. நகரில் மகனோடு இருக்கிறாள். போன மாதம் அவளிடம் அந்த வளையலைப் பற்றிக் கேட்டேன். “எந்த வளையல்?” என்று டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், பார்வையைத் திருப்பாமல் காபி டம்ளரை என் பக்கம் நீட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பெரியம்மா பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பச்சையும் சிவப்புமாக அந்த வளையல்கள் எல்லாம் இருந்தன. அக்காவின் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

“கழட்டக் கூடாதுன்னு சொன்னியேக்கா?”

“மாவு ஒட்டிக்கும்டி” என்றாள், மாவைப் பார்த்துக்கொண்டே.

பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பந்துக்கு இல்லாத விலக்கு மாவுக்கு உண்டுபோலும் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்களின் பழக்கங்களில் இப்படிப் பல ஓட்டைகள் இருப்பதை முன்பே கவனித்திருந்தேன். இவள் இப்போதும் என்னைப் பார்க்காமல் இருப்பது தோற்றுப்போன கோபத்தால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபம் தணியட்டும் என்று காத்திருந்து, அவள் சுடச்சுடப் போட்ட சப்பாத்திகளை, ஜெயித்தவளுக்கு உரிய பசியோடு சாப்பிட்டேன்.