வளைவில் கொட்டிய பால்

டிராம் கண்டக்டர் நல்லமுத்துவைப் போல ஒரு தொணதொணப்பு ஆளை இந்தப் பினாங்கிலேயே பார்க்க முடியாது. ஜெலுத்தோங்கில் குடியிருந்தான். வேலை முடிந்ததும், டிராம் வளைந்து திரும்பும் முச்சந்தியில் இருந்த என் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடுவான். தினமும் ஒரே கேள்விதான்.

"சுலைமான் பாய், இந்த வளைவுல என்னைய யாரோ வெளிப்பக்கமாத் தள்றான். திரும்பிப் பாத்தா ஆளே இல்ல. யாரு பாய் அது?"

"உன் கொழுப்பு! நான் இங்கேருந்து பாக்குறேன்லா. உன்னைய யாரும் தள்ளல. நீ நேராத்தான் போறே. டிராம்தான் உன்னைய விட்டுட்டுத் திரும்புது."

"அப்ப என் உடம்பு பொய் சொல்லுதா?"

தொல்லை தாங்காமல் ஒருநாள் நானே ஏறிப் பார்த்தேன். வளைவில், சத்தியமாக, யாரோ விலாவில் கைவைத்துத் தள்ளினார்கள். இறங்கி வந்து அடுத்த டிராமைப் பார்த்தால், உள்ளே எவனும் எவனையும் தள்ளவில்லை. எது மெய் என்று தெரியாமல் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தைப்பூசத்தன்று வடிவம்மாள் என்ற பெண் பால்குடத்தோடு அவன் டிராமில் ஏறினாள். மகளுக்கு விஷக்காய்ச்சல். பிழைத்தால் போதும் என்று தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்த பால். நேர்ந்த குடத்தை வழியில் இறக்கிவைக்கக் கூடாதாம். உட்காரச் சொல்லி நல்லமுத்து கெஞ்சியும் கேளாமல், தலைக்குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றே வந்தாள். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டிராம் இடப்பக்கம் திரும்பியது. அவள் வலப்பக்கம் சாய்ந்தாள். குடம் டிராமின் திறந்த பக்கம் வழியாக வெளியே வந்து என் கடை வாசலில் விழுந்தது. பால் முழுக்கத் தெருவில்.

"யாருடா தள்ளினது?" என்று அலறிக்கொண்டு இறங்கினாள். உள்ளே இருந்த அத்தனை பேரும், தங்களையும் யாரோ தள்ளியதாகத்தான் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவன் நல்லமுத்து. அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் தொடவே இல்லக்கா. யாருமே தள்ளல."

நானும் குறுக்கே பாய்ந்து, "ஆமாக்கா, நான் பாத்தேன், யாரும் தள்ளல" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "யாருமே தள்ளலையா? அப்ப முருகன்தான் தட்டிவிட்டுட்டான். என் பாலு அவனுக்கு வேணாம். எம்புள்ள போயிருவா" என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினாலும் எழவில்லை.

நல்லமுத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நான்தாங்க்கா தள்ளினேன். தெரியாமக் கை பட்டுருச்சு" என்றான்.

பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட வேகத்தில் அவளுக்கே உயிர் வந்தது. வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பால் வாங்கப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மடையா, வேலை போயிரும்டா!"

"போனாப் போவுது பாய்" என்று கன்னத்தைத் தடவினான். "ஆனா தள்ளினது யாருன்னுதான் இன்னும் தெரியல."

கூட வந்தவர்கள் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் டிராம் ஆபீசில் விசாரணை. அவனைக் காப்பாற்ற நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு சாட்சிக்குப் போனேன். யாரும் தள்ளவில்லை, டிராம்தான் திரும்பியது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே வடிவம்மாள் நின்றிருந்தாள். அவள் தோளில் மகள். காய்ச்சல் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்ததாம். குழந்தை கையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் கேட்டதை, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் கேட்டார். "நீ பாத்தியா? இவன் தள்ளினானா?"

யாரும் தள்ளவில்லை என்று நான் சொன்னால், அவளுக்குத் தட்டிவிட்டவன் மறுபடியும் முருகன்தான். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நல்லமுத்துவும் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடு என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். அட அல்லாவே, இது என்ன சோதனை!

"பாத்தேன்" என்றேன். "இவன்தான் தள்ளினான்."