மாப்பிள்ளையின் முட்டியில் ஓர் ஊசி

என் கணவர் பெண் பார்க்க வந்த அன்று பார்த்தது என் வகிட்டை மட்டும்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பலகாரத் தட்டோடு நான் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து திரும்பும் வரை அம்மா பின்னால் நின்று என் பிடரியை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். பெண் நிமிர்ந்து பார்த்தால் அடக்கமில்லாதவள் என்று பேசுவார்களாம். ஆனால் அதற்கு முன்பே சமையலறை ஜன்னல் வழியாக நான் மாப்பிள்ளையை ஆற அமரப் பார்த்து முடித்திருந்தேன். காது கொஞ்சம் பெரிது. மற்றபடி பிடித்திருந்தது.

"பொண்ணு வீட்டோடதான் இருக்கா. நல்லாத் தைப்பா" என்று அம்மா கூசாமல் சொன்னார். எனக்குப் பொத்தான் தைக்கக்கூடப் பொறுமை கிடையாது. காஜா பெராங்கில் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் நான் நர்ஸ். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பேன். மழுங்கிய ஊசிகளை எண்ணெய் விட்ட சாணைக்கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்து, முனை சிக்குகிறதா என்று பார்ப்பேன். அந்த வேலை என்றால் எனக்கு உயிர். வேலைக்குப் போகிற பெண் என்று தெரிந்தால் நல்ல சம்பந்தம் தட்டிப்போகும், கல்யாணத்துக்கு முன்பு சத்தமில்லாமல் நின்றுவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எனக்கு மாப்பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும். அதை மாப்பிள்ளையிடமே கேட்கலாம் என்றால், அவர் முகத்தையே நான் பார்த்திருக்கக் கூடாது!

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. ஆளாளுக்கு ஏதாவது ஒன்றைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாப்பிள்ளை பண்டார் ஹிலிர் திடலில் பந்து விளையாடிக் கொண்டாடியிருக்கிறார். ஒருநாள் மதியம் வலது காலை இழுத்துக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

அப்போது உள்ளே ஒருவருக்குக் கட்டி கீறிக்கொண்டிருந்ததால் என் மூக்கும் வாயும் துணிக்குள் இருந்தன. அவரைப் பார்த்ததும் துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டேன்.

"மிஸ்ஸி, நீங்க தமிழா?" என்றார். நர்ஸ் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸிதான். தலையாட்டினேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தப் பக்கம் செட்டிங்கதான் அதிகம், அவங்க தமிழ மறந்து மலாய்தான் பேசுவாங்க, சேதி வெளிய போகாதுன்னு நம்பி வந்தேன்லா. பொண்ணு வீடு புக்கிட் காதில் ஊர்ல. தெரிஞ்சா நொண்டி மாப்பிள்ளன்னு கல்யாணத்த நிறுத்திப்புடுவாங்க."

சேதி அன்று மாலை பஸ்ஸில் என்னோடு புக்கிட் காதிலுக்குத்தான் போக இருந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை அந்தத் துணிதான் மறைத்தது. மற்ற ஆண்களை எல்லாம் வாய் நிறைய "அண்ணே" என்பேன். அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. "வாங்க, படுங்க" என்று மொட்டையாகச் சொல்லிவைத்தேன்.

டாக்டர் முழங்காலின் உள்பக்கத்தை அழுத்தினார். மாப்பிள்ளை கத்தியதில் வெளியே காத்திருந்த ஒரு கிழவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். எலும்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கிற நார் இழுபட்டிருக்கிறது, அறுந்து போகவில்லை என்றார் டாக்டர். மரத்துப்போகிற மருந்தோடு, புதிதாக வந்திருந்த கார்ட்டிசோனையும் சேர்த்து வலிக்கிற இடத்திலேயே போடப் போவதாகச் சொன்னார். எல்லாம் மலாயில்.

ஊசியைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதைவிடச் சின்னது இல்லையா மிஸ்ஸி?"

"காலை இறுக்காதீங்க. மூச்ச விடுங்க" என்றேன். அவர் காலை விட்டுவிட்டு என் மணிக்கட்டை இறுக்கினார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது.

"பொண்ணு எப்படி?" என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ்ஸி. வகிடுதான் பார்த்தேன். நேரா இருந்துச்சு."

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு வேலைக்குப் போறேன்னு சொன்னா விடுவீங்களா?"

டாக்டர் அப்போதுதான் மருந்தை உள்ளே தள்ளினார். "போகட்டும்! எங்க வேணும்னாலும் போகட்டும்! ஊசிய எடுக்கச் சொல்லுங்க!"

சற்று நேரத்தில் வலி போய்விட்டது. அவருக்கு நம்ப முடியவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். என்ன செய்கிறான் இவன் என்று டாக்டர் பதறினார். சாமி கும்பிடுகிறார் என்றேன். நின்றுகொண்டே கும்பிடச் சொல், வலிதான் போயிருக்கிறது, நார் தேற நாளாகும் என்று அவர் சத்தம் போட்டார். மணவறையில் பெண்ணின் காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போட வேண்டும், அதற்குக் குனிய வேண்டுமே என்று நான் எடுத்துச் சொன்னேன். டாக்டர் யோசித்து, இடது முழங்காலை ஊன்றச் சொன்னார். மாப்பிள்ளையிடம் அதைப் படித்துப் படித்துச் சொன்னேன்.

அம்மாவிடம் வேலையை விட்டுவிட்டேன் என்றேன். டாக்டரிடம் லீவு என்றேன். ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது சொன்ன வார்த்தை செல்லுமா செல்லாதா என்ற கவலையில் கல்யாணப் புடவையைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பயமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று தாலி ஏறியது. அம்மிக்கு வந்தோம். பதற்றத்தில் மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வலது முழங்காலையே ஊன்றினார். மெட்டியைப் போட்டார். எழுந்திருக்கவில்லை. என் பாதத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். ஐயர் இருமினார். பெரியப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

நான் குனிந்தேன். "காலை இறுக்காதீங்க. மூச்ச விடுங்க."

அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. முதலில் என் கண்ணைப் பார்த்தார், பிறகு வகிட்டைப் பார்த்தார், மறுபடியும் கண்ணைப் பார்த்தார்.

"மிஸ்ஸி?" என்றார், தாலி கட்டிய மனைவியைப் பார்த்து. நல்லவேளை, மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?"

என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கு. தாராளமாப் போங்க. முதல்ல என்னையத் தூக்கிவிடுங்க."

அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, கட்டிலிலிருந்து நோயாளியை எழுப்புவது போலவே எழுப்பினேன். பெண்ணுக்கு என்ன அவசரம் என்று யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து அம்மாவின் விரல் என் பிடரியைத் தேடி வந்து அழுத்தியது. நான் குனியவில்லை.