மோட்டார் அண்ணாச்சி சிரித்தாரா

என் கணவரின் சாவு பிரமாதம் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை மாதக்கணக்கில் வாசித்தவள் நான். சினிமாவில் அவர் செத்ததைச் சொல்கிறேன். நிஜத்தில் செத்ததைப் பற்றி எழுத யாருக்கும் ஒன்றும் இருக்காது. ஒரு மத்தியானம் சாம்பாரும் அவியலும் சாப்பிட்டார். ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். காப்பிக்கு எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்றார் டாக்டர். ராணுவத்தில் இருந்தபோது எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தூங்கிய மனுஷன், அவியல் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இதற்கு யார் என்ன கருத்து சொல்வது?

மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அப்படியே படுப்பார்கள். தலையணை உறையைப் பிழிந்தால் தாளிக்க எண்ணெய் கிடைக்கும். துவைப்பது நான், அதிகாரம் செய்வது அவர். ஒரு பங்குனியில், அருவியில் தண்ணீர் இல்லாமல் பாறை மட்டும் நின்றபோது, சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து மொத்த வீட்டையும் கேட்டார்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் குற்றாலத்துக்கு வரும் ஆட்களை, அருவிக்கரைக் கடையில் விற்கும் குரங்கு முகமூடியை மாட்டிக்கொண்டு ஒருவன் வெட்டி வெட்டிப் போடுவதுதான் கதை. வெட்ட வெட்ட ஜனங்கள் சிரிக்க வேண்டுமாம்.

"தம்பி, வெட்டுனா எப்படிடே சிரிப்பு வரும்?" என்று டைரக்டரிடம் கேட்டார் என் கணவர். அந்தப் பையனுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

"வரும் அண்ணாச்சி. நீங்க பாருங்க."

எப்படி வரும் என்பதை என் கணவரே காட்டினார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கதாநாயகி எங்கள் முற்றத்தில் அலறிக்கொண்டு ஓடும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் டேங்க் நிறைந்து வழிந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார்கள். அடுத்த வீட்டு டேங்க் வழிந்தாலும் தெருவே கத்தும். இவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காமிராவுக்குக் குறுக்கே ஓடினார். கதாநாயகியை ஓரமாக நகர்த்தினார். மோட்டாரை நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க எடுங்க, எடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு வந்தார்.

டைரக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சாயங்காலமே அதைக் கதையில் சேர்த்துவிட்டான். வீட்டுக்காரர் கொலைகாரனிடமிருந்து தப்பிச் சுவரேறிக் குதித்துவிடுகிறார். தெருவில் நாலு எட்டு ஓடியிருப்பார். டேங்க் வழியும் சத்தம் கேட்கிறது. நிற்கிறார். யோசிக்கிறார். திரும்பவும் சுவரேறி வந்து மோட்டாரை நிறுத்துகிறார். நிம்மதியாகத் திரும்பினால் குரங்கு முகமூடி நிற்கிறது. அதை யார் நடிப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ரத்தம் போலச் சிவப்பைக் கொட்டுவது நல்லதற்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். டூரிஸ்டாக நடித்த பையனை மாடிப்படியில் வெட்டிச் சாய்த்தார்களே, அந்தக் காட்சி முடிந்ததும் அவனை அதே ரத்தக் கோலத்தோடு நிற்க வைத்துக் காமிராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் படம் எடுத்தார்கள். ஏன் என்று மாமியார் கேட்டிருக்கிறார். "செத்த மாதிரி நடிச்சவங்கள அப்படியே விடக் கூடாதும்மா. சிரிக்க வச்சு எடுத்துட்டா தோஷம் கழிஞ்சிரும்" என்று சொன்னார் காமிராக்காரர். "அது முறைதான்" என்றார் மாமியார். முழுப் படத்திலும் அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

என் கணவர் வெட்டுப்பட்ட அன்று மாமியார் வீட்டில் இல்லை. அச்சன்புதூரில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு என்று போயிருந்தார். நான் அடுக்களையில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பொய் வெட்டாகவே இருக்கட்டும், நான் எதற்குப் பார்க்க வேண்டும்? முற்றத்தில் கத்தினார்கள், கை தட்டினார்கள். திடுதிப்பென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. லைட்டுகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு நான் பார்த்தது அவ்வளவுதான்.

மாமியார் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஏலே, ஒன்னைச் சிரிக்க வச்சு எடுத்தாங்களா?"

இவர் துண்டால் கழுத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பாகைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மழை அடிச்சு ஊத்துது, எங்கிட்டும்மா சிரிக்க? செத்தது செத்ததுதான்."

அவர் பேச்சே அப்படித்தான். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும். நான் அடுக்களையிலிருந்து, "அத்தை, அவங்க சும்மா சொல்லுதாங்க" என்றேன். சும்மா சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்பது எனக்கும் தெரியாது.

அந்தக் கார்த்திகையில் அவர் போய்விட்டார். துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் மாமியார் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "சிரிக்க வைக்காம விட்டுட்டாங்க, அதான் போயிட்டான்." வந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பிறகு என் பக்கம் திரும்புவார். "நீ அடுக்களைலதான இருந்த? எட்டிப் பாத்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேட்டி." காலையில் காப்பி கொடுக்கும்போதும் அதே கேள்வி, ராத்திரி மாத்திரை கொடுக்கும்போதும் அதே கேள்வி. எனக்குச் சோறு பாதிதான் இறங்கியது. கோபப்பட்டிருக்கலாம். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் இருந்த இடத்தில் என்னவோ மரத்துப்போய்க் கிடந்தது. டைரக்டர் பையனுக்குப் போன் செய்து கேட்டேன். "பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்றான். அடுத்த படத்துக்குப் போய்விட்டவன் எங்கே பார்ப்பான்?

மாசி மாதம் படம் வந்தது. மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து என்னைத் தென்காசிக்கு மத்தியானக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். ஆள் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, சினிமாவுக்குப் போகிறாள் என்று தெருவில் பேசியது வாசலைத் தாண்டும்போதே காதில் விழுந்தது. பேசட்டும். தியேட்டரில் அவர் சுவரேறித் திரும்பி வந்தபோது, "போகாத அண்ணாச்சி!" என்று முன் வரிசையில் கத்தினார்கள். அவர் மோட்டாரை நிறுத்தியதும் விசில். அரிவாள் இறங்கியபோது தியேட்டரே சிரித்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவருடைய சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரம் கிழிந்து நான் தைத்த இடம் பெரிய திரையில் நன்றாகத் தெரிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கதவைத் திறந்து லைட்டைப் போட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் உட்காருவதில்லை. வண்டி ஸ்டாண்டில் நெரிசலுக்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டுமே. நாங்களும் எழுந்து வந்துவிட்டோம்.

அதன்பிறகு கருத்துகள் வர ஆரம்பித்தன. புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடை வைத்திருக்கும் அவருடைய சித்தப்பா மகன் வந்து என் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மைனி, அண்ணன் நடிப்பு நூத்துக்கு நூறு. ஆனா அந்த முகமூடிக்காரன் இருக்கானே, அருவா பிடிக்கத் தெரியல. எங்க கடையில மூட்டை தைக்கவன்கூட அவனவிட நல்லா வெட்டுவான்." அண்ணனை இன்னும் நன்றாக வெட்டியிருக்கலாம் என்பதுதான் அவர் குறை. நான் இன்னொரு கரண்டி சட்னி விட்டேன்.

படம் போனுக்கு வந்ததும் மகள் எனக்கு அதைப் பார்க்கவும், கீழே எழுதியிருப்பதை வாசிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். துணி காய்கிற நேரத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து வாசிப்பேன். சிரிக்கவா பயப்படவா என்று தெரியாமல் எடுத்திருக்கிறார்கள் என்றான் ஒருவன். ரத்தம் நன்னாரி சர்பத் மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. குழந்தைகளோடு பார்க்காதீர்கள் என்றார் ஒருவர். அவருக்குக் கீழேயே, என் பையன் பத்துத் தடவை பார்த்துவிட்டான் என்று இன்னொருவர். எல்லோரும் ஒத்துப்போன விஷயம் என் கணவர்தான். மோட்டார் அண்ணாச்சி என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். மோட்டார் அண்ணாச்சிக்குத் தனிப்படம் வேண்டும். மோட்டார் அண்ணாச்சியைக் கொன்றதற்கு டைரக்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் எவனாவது மோட்டாரை நிறுத்தப் போவானா, லாஜிக்கே இல்லை என்று ஒருவன் எழுதியதற்கு, எங்கப்பா போவார், எங்கம்மா போவாங்க என்று வரிசையாகச் சண்டைக்கு வந்திருந்தார்கள்.

நான் புகழ்ந்தவனுக்கும் லைக் போட்டேன், திட்டியவனுக்கும் லைக் போட்டேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை. 'இந்த அண்ணாச்சி இப்போ எந்தப் படத்துல நடிக்கிறார்?' என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். இறந்துவிட்டார் என்று எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். அனுப்பியிருந்தால் அதற்குக் கீழேயும் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருப்பார்கள். படத்தில்தான் இறந்துவிட்டாரே.

ஒருநாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இடையில் போனைத் திறந்தபோது புதிதாக ஒன்று வந்திருந்தது. 'பெயர் ஓடும்போது எழுந்து போயிடாதீங்க. செத்தவங்க எல்லாம் வரிசையா வந்து சிரிக்கிறாங்க. படத்துலயே எனக்குப் பிடிச்சது அதுதான்.'

கையிலிருந்த ஈரப் போர்வையை அப்படியே கொடியில் போட்டேன். போனில் அந்தப் படம் முடிந்து பெயர் ஓட ஆரம்பித்தால், அதுவாகவே வேறு படத்துக்குத் தாவிவிடும். அதனால்தான் நான் இதைப் பார்த்ததேயில்லை. இந்த முறை தாவவிடாமல் அமுக்கிப் பிடித்தேன். பயமாக இருந்தது. வரிசையில் அவர் இல்லாவிட்டால் மாமியார் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும். அதை நான் மட்டும் தெரிந்துகொண்டு, ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

மாடிப்படியில் வெட்டுப்பட்ட பையன் சிரித்தான். சிப்ஸ் கடைக்காரராக வந்தவர் கூச்சத்தோடு சிரித்தார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. முடியப்போகிறது என்று நினைத்தபோது எங்கள் முற்றம் வந்தது. மழைத் தூறல். கழுத்தெல்லாம் சிவப்போடு இவர். முதலில் விறைப்பாக நின்றார், ராணுவத்தில் போட்டோவுக்கு நிற்பதைப் போல. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஓட்டைப் பல் தெரிந்தது. சிரிப்பு நிற்பதற்குள் சட்டென்று அடுக்களை ஜன்னல் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். பாட்டு ஓடுவதால் குரல் இல்லை. எனக்குக் குரல் வேண்டியதில்லை. "ஏட்டி, மோட்டார ஆஃப் பண்ணிட்டியா?" ஒரு நொடி காத்திருந்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். உள்ளே இருந்து நான் ஏதோ பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பதில் சொன்னது எனக்குத் துளியும் ஞாபகமில்லை.

போனை எடுத்துக்கொண்டு ஓட்டமாகக் கீழே இறங்கினேன். மாமியார் முற்றத்து நிழலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அத்தை, இதப் பாருங்க. சிரிச்சிருக்காங்க. எடுத்திருக்காங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை, திரையில் மகன் முகத்தின் மேல் விரலை வைத்தார். படம் நின்றுவிட்டது.

"நல்லாத்தான சிரிச்சிருக்கான்" என்றார்.

"ஆமா அத்தை."

வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அந்தப் பார்வையில் என்மேல் குற்றமில்லை.

"பிறகு எதுக்குட்டி போனான்?"

பாரத்தை இறக்கிவைத்துவிட்டோம் என்றுதான் நினைத்து வந்தேன். அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிவிட்டேன். மழையைத் திட்டலாம், சினிமாக்காரர்களைத் திட்டலாம், என்னைத் திட்டலாம் என்று இருந்தது. இனி யாரைத் திட்டுவார்? இவர் இறந்த அன்று எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. நிறுத்த முடியவில்லை. வெங்காயத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து, தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதேன். மாமியார் என் முதுகில் கை வைத்திருந்தார். அவரும் அழுதார்.

மேலே டேங்க் நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மாமியார்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய், மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.