எல்லா ஊரும் மொதல்ல குப்பந்தான்

ராயபுரத்துக்கு வந்த புதிதில் ஒரு காலை, வாசலில் கூடையை இறக்கிய காசிமேட்டு மீன்காரம்மா, "நாஷ்டா துன்ட்டியாம்மா?" என்று கேட்டாள். நாஷ்டா ஏதோ புது மீன் என்று நினைத்து, "வேண்டாம், வஞ்சிரம் போதும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. காலைப் பலகாரத்துக்கு இங்கே அதுதான் பெயர் என்று மறுநாள் வகுப்பில் என் மாணவியான அவள் மகள் பிலோமினாதான் விளக்கினாள். ரங்கூனில் இன்னும் இருக்கும் நம்மவர்களே, சிரிக்காதீர்கள். குண்டு விழுந்த வருஷம் கப்பலேறி வந்த நான், தாய்மொழியையே இங்கே எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

துறைமுகத்தை அடுத்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை நான். பாடம், உலகப் பெருநகரங்களின் வரலாறு. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நிலைக்கும். பாபிலோன், ரோம், லண்டன் என்று நான் ஒப்பிக்க, பிள்ளைகள் ஜன்னல் வழியே கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பிலோமினா எழுந்து, நான் கண்ணால் பார்த்த ஊரைச் சொல்லும்படி கேட்டாள். ரங்கூனைச் சொன்னேன். எண் போட்ட தெருக்கள், பொன் வேய்ந்த பகோடா, டீச்சர் என்பதற்கு 'ஸயாமா' என்று என்னை அழைத்த மாணவிகள், அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு ஆற்றங்கரையில் இருந்த மீனவர் குடிசைகள். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றே எல்லோரையும் பள்ளிக்குப் பின்னாலிருந்த மணலுக்கு அழைத்துப் போனேன். முதலில் தண்ணீர், பிறகு படகு, சந்தை, கோட்டை, கடைசியில் ரயில் என்று நாளுக்கொரு நகரமாக எழுப்பினோம்.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்த நாளில் நாங்கள் முழங்கை வரை லண்டனுக்குள் இருந்தோம். காலி வகுப்பறையைப் பார்த்துவிட்டு வந்த அவர் முகம் கடுத்திருந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். இந்த மண் விளையாட்டில் என்ன வரலாறு என்று பிலோமினாவிடம் கேட்டார்.

"எல்லா ஊரும் மொதல்ல குப்பந்தான் சார். லண்டனும் அப்டித்தான், ரங்கூனும் அப்டித்தான். எங்க காசிமேடு இப்பத்தான் வந்துகினு கீது."

அவர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மதராஸ் கோட்டை எங்கே வரும் என்று கேட்டபடி மணலில் இறங்கினார்.

வேலை நிரந்தரமான உத்தரவு வந்த அன்று, பிள்ளைகள் ரங்கூனையும் ராயபுரத்தையும் எதிரெதிரே கட்டி, நடுவில் கடல் வெட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கடலில் ஒரு கிளிஞ்சல் மிதந்தது. அது யார் என்றேன்.

"நீங்கதான் டீச்சர்" என்றாள் பிலோமினா. "ரெண்டுக்கும் நடுவுல கீறீங்க."

நான் அதை வெளியே எடுக்கவில்லை. ராயபுரத்துப் பக்கமாக ஒரு விரற்கடை மட்டும் நகர்த்தி விட்டேன்.